ஏற்காட்டு காபி ஷெட்டில் ஒரு ட்ரோன் மோட்டார்

5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். நம் வட எல்லையில் பல ராணுவ நிலைகள் அந்த உயரத்திலும் அதற்கு மேலும் இருக்கின்றன. அங்கே ரேஷன், பேட்டரி, மருந்து கொண்டுபோகும் சரக்கு ட்ரோன்களுக்கு மோட்டார் செய்வதுதான் சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறையின் இப்போதைய வேலை. எங்கள் பட்டறை கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லாத உயரத்தில் இருக்கிறது. சேலத்து வெயிலில் நின்று லடாக் காற்றுக்கு மோட்டார் செய்வது எப்படி என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ட்ரோன் மோட்டார்தானே, சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறதே, இதில் நீங்கள் புதிதாக என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள் என்று சொந்தக்காரர்களில் ஆரம்பித்து வங்கி மேலாளர் வரை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ட்ரோனின் விசிறி கொடுக்கும் தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் விசிறி சுற்றும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. காற்று 60 சதவீதமாக மெலிந்துவிட்டால், அதே எடையைத் தூக்க அதே விசிறி 29 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். அப்படியானால் கரண்ட் எகிறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே தூக்குவிசைக்கு முறுக்குவிசை கிட்டத்தட்ட அதேதான், அதனால் மோட்டார் இழுக்கும் கரண்டும் பெரிதாக மாறாது. வேகத்துக்காகக் கூடுதலாகத் தேவைப்படுவது வோல்டேஜ். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த உயரத்தில் குளிரும் கூடவே வருகிறது. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை ஏறி, லோடு கொடுத்தவுடன் வோல்டேஜ் சரிந்துவிடும். மோட்டார் அதிகம் கேட்கிற அதே இடத்தில் பேட்டரி குறைவாகக் கொடுக்கிறது.

சரி, காயிலில் சுற்றுகளைக் குறைத்துக் கம்பியைத் தடிமனாக்கினால் குறைந்த வோல்டேஜிலேயே வேகம் கிடைக்கும். ஆனால் அதே முறுக்குவிசைக்கு இப்போது கரண்ட் கூடும். மோட்டாரை ஓட்டும் இ.எஸ்.சி. போர்டு சூடாகும், மெல்லிய காற்று அந்தச் சூட்டைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. விசிறியைப் பெரிதாக்கலாம். அதற்கு ட்ரோனின் கை நீள வேண்டும், எடை ஏறும், தூக்கிப்போகும் சரக்கு குறையும். பேட்டரியில் செல்களைக் கூட்டினாலும் எடைதான். இதற்கெல்லாம் நடுவில் எங்கே நிற்பது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. சமவெளியில் கல்யாண வீடியோ எடுக்கும் ட்ரோனுக்காகச் செய்த மோட்டாரை அங்கே கொண்டுபோய் மாட்டினால் ஏன் தடுமாறுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மோட்டார் ரீவைண்டிங் செய்தவர். போர்வெல் சப்மெர்சிபிள், ஜவ்வரிசி ஆலை மோட்டார், மேக்னசைட் சுரங்கத்து பம்ப் என்று சேலத்தில் எரிந்துபோன காயில் பாதி எங்கள் பட்டறை வாசலில்தான் கிடந்திருக்கும் என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துவிட்டு பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்தபோது, ட்ரோன் மோட்டாருக்கான வைண்டிங் ஆட்களைத் தேடி அங்கே திண்டாடுவதைப் பார்த்தேன். அந்தக் கை எங்கள் ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் திரும்பி வந்தேன்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்யும் ஸ்டேட்டர், அதாவது மோட்டாரின் நடுவில் அசையாமல் நின்று காயிலைத் தாங்கும் பகுதி, உள்ளங்கை அகலம் இருக்கும். 12 பல், வெளியே சுற்றும் மூடியில் 14 காந்தத் துருவம். ஒரு பல்லில் வலமாகச் சுற்றினால் பக்கத்துப் பல்லில் இடமாகச் சுற்ற வேண்டும். பிறகு கம்பி நேர் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, அங்கே திசையை மாற்றிக்கொண்டு மறுபடி இரண்டு பல். இப்படி மூன்று ஃபேஸ். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாது. அந்தச் சந்தில் எவ்வளவு செம்பு அடைக்க முடிகிறதோ அவ்வளவுக்கு மோட்டார் குளிர்ச்சியாக ஓடும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் குறுக்கே ஏறினால் இடம் போச்சு. இறுக்கி இழுத்தால் கம்பி மேலிருக்கும் எனாமல் பல்லின் விளிம்பில் உராய்ந்து கீறிவிடும்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து வரும் அக்கா ஒருவர்தான் எங்களிடம் இந்த வேலையைச் செய்பவர்களில் முதல் ஆள். முன்பு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்தவர். வெள்ளி வளையத்தை இடுக்கியில் பிடித்து, பொடி வைத்து, ஊதுகுழல் நெருப்பில் உருகாமல் ஒட்டவைத்துப் பழகிய விரல்கள். கம்பியை இழுக்கவே மாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வழித்துக்கொண்டே போய், பல்லின் மூலையில் மட்டும் ஒரு சின்ன அழுத்தம் கொடுப்பார். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் மூங்கில் சிம்பால் தட்டி உட்காரவைப்பார். இரும்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே வரிதான்: “தம்பி, வயரை இழுக்காத, வழிச்சு விடு.” இன்ஜினியரிங் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராதது இது.

முடிந்ததும் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்ப்போம், வார்னிஷ் ஊற்றி அடுப்பில் வேகவைப்போம், மூடியின் உள்பக்கம் துளித்துளியாக எபாக்சி வைத்து பேலன்ஸ் செய்வோம். கடைசியில் அப்பா வருவார். ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். “பாப்பா, பின்பக்க பேரிங் சத்தம் சரியில்ல” என்றால் வைப்ரேஷன் மீட்டர் எடுப்பதற்கு முன்பே நான் கழற்ற ஆரம்பித்துவிடுவேன்.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் வேறெந்தச் சமவெளிப் பட்டறைக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று இருக்கிறது: சேர்வராயன் மலை. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, ஏறக்குறைய 1,500 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடலாம். அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு அங்கே காபித் தோட்டம் இருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களில் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் அவருடைய பல்பிங் ஷெட் சும்மா கிடக்கும். அதைக் கேட்டோம், சாவியையே கொடுத்துவிட்டார்.

குட்டி யானையில் சோதனை ஸ்டாண்டை ஏற்றிக்கொண்டு போவோம். இரும்புச் சட்டம், மோட்டாரைப் பிடிக்கும் கை, அதற்குப் பின்னால் தூக்குவிசையை அளக்கும் லோடு செல், வேகம் பார்க்கும் மீட்டர், காற்றழுத்தமானி, வெப்பமானி, சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு. ட்ரோன் பறக்காது, மோட்டார் மட்டும் ஸ்டாண்டில் கட்டுண்டு சுற்றும். திறந்தவெளியில் ஏன் செய்வதில்லை என்றால், மலைக்காற்று விசிறிக்குள் பக்கவாட்டில் புகுந்து அளவுகளைக் குழப்பும். ஷெட்டின் மூன்று பக்கம் சுவர் இருப்பதால் காற்று அடங்கியிருக்கிறது.

அதே மோட்டார், அதே விசிறி, அதே வேகம். அம்மாபேட்டையில் எடுத்த தூக்குவிசையைவிட ஏற்காட்டில் பத்து சதவீதத்துக்குப் பக்கம் குறைகிறது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டாலும் அதே பத்துதான் வருகிறது. பத்து சதவீதம் சின்ன எண் மாதிரி தெரியலாம். எனக்கு அது பெரிய தைரியம். இரண்டு உயரத்தில் கணக்கும் அளவும் கைகோத்து நின்றால், மூன்றாவது உயரத்துக்குப் போடும் கணக்கை நம்பி அடுத்த ஸ்டேட்டரைச் சுற்றலாம். குளிரை மட்டும் ஏற்காடு தராது. அதற்கு ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் டீப் ஃப்ரீசர் ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருக்கிறோம். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் ராத்திரி முழுக்க பேட்டரியை வைத்துவிட்டு, காலையில் எடுத்தவுடன் லோடு கொடுத்து வோல்டேஜ் சரிவதைப் பதிவு செய்வோம்.

காந்தம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி தாண்டினால் வலுவை இழக்க ஆரம்பிக்கும். சூடு தாங்க வேண்டுமென்றால் அதில் கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்பட ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து காந்தத்துக்கு விலை கேட்டால் பதில் வரவே நாளாகிறது, எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதித்தரச் சொல்கிறார்கள். ராணுவத்துக்கு என்று எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஏப்ரலுக்கு இரண்டு மாதம் முன்புதான், சீன உதிரிபாகங்கள் பிரச்சினையால் ராணுவத்துக்கான 400 சரக்கு ட்ரோன்களின் ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்திருந்தது. வாங்குபவர் சீனப் பொருள் வேண்டாம் என்கிறார், சீனா கொடுக்க மாட்டேன் என்கிறது, நடுவில் நாங்கள்.

நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் நியோடிமியம் இருக்கிறது. மணலிலிருந்து ஆக்சைடு, ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று அந்தச் சங்கிலி முழுவதும் இங்கேயே நடக்க வேண்டும். 2025 நவம்பரில் இதற்காக 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தக் காந்தம் என் மேசைக்கு வரும் வரை, காந்தம் சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதற்காக மூடியில் காற்றை உறிஞ்சும் சின்னச் சின்ன இதழ்களை வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மெல்லிய காற்றுக்கு எந்த வளைவு சரி என்பது இன்னும் பிடிபடவில்லை.

இனி, எனக்கு உண்மையிலேயே மனசு கொதிக்கும் விஷயம். செய்வது கஷ்டமில்லை. செய்ததைச் சரியென்று நிரூபிப்பதுதான் சின்னப் பட்டறையை முடக்குகிறது.

நம் ராணுவத்துக்குப் போகும் மின்கருவிகளுக்கு ஜே.எஸ்.எஸ். 55555 என்று ஒரு சோதனைத் தரம் இருக்கிறது. அதிக வெப்பம், கடுங்குளிர், அதிர்வு, தூசி, மழை, உப்புப் புகை, தாழ்ந்த காற்றழுத்தம் எல்லாம் அதில் உண்டு. பூஞ்சை பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மட்டும் 28 நாள். அதற்கு மேல், மோட்டாரும் இ.எஸ்.சி.யும் சேர்ந்து கிளப்பும் மின்காந்த இரைச்சல் பக்கத்திலிருக்கும் ரேடியோவைக் கெடுக்கிறதா என்று தனிச் சோதனை. இவையெல்லாம் அவசியம், ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். பனியில் மாட்டிக்கொண்ட ஒருத்தருக்கு மருந்து போகிற வழியில் எங்கள் மோட்டார் நின்றுவிட்டால் அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் ஒரு ட்ரோன் நிறுவனம் எங்களிடம் மாதிரி மோட்டார்கள் வாங்கி, ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றது. அப்புறம், முழுச் சோதனைச் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர் என்றது. சான்றிதழுக்கான செலவு, அவர்கள் கேட்ட மோட்டார்களின் மொத்த விலையைவிடக் கூடுதல். சரி என்று கடன் வாங்கி, வெளியூர் லேப் ஒன்றில் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். அதிர்வு மேசைக்கு எங்கள் முறை வருவதற்குள் ட்ரோன் தூக்க வேண்டிய எடையையே மாற்றிவிட்டார்கள். பெரிய மோட்டார் வேண்டும் என்றார்கள். அது வேறு ஸ்டேட்டர், வேறு காந்தம், மறுபடி முதலிலிருந்து சோதனை. வங்கிக்குப் போனால் மேலாளர், “ஆர்டர் காப்பி இருக்கா மேடம்?” என்கிறார். சான்றிதழ் வந்தால்தான் ஆர்டர், ஆர்டர் வந்தால்தான் கடன், கடன் வந்தால்தான் சான்றிதழ்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், அது உண்மையில்லை. 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் ஐடெக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். ராணுவம் தன் தேவைகளைப் பட்டியலிட்டுச் சவாலாக வைக்கும், ஜெயிப்பவருக்கு முன்மாதிரி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை மானியம். பிறகு அதில் 10 கோடி வரைக்கும் ஒரு பிரிவும், 2024இல் 25 கோடி வரைக்கும் அதிதி என்று ஒன்றும் வந்தன. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியில் 50 கோடி வரை கிடைக்கும். 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சிப் பணத்தில் 25 சதவீதத்தைத் தனியார் தொழில், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதாகவும் அறிவித்தார்கள். இதெல்லாம் எங்கள் அப்பா காலத்தில் கனவிலும் இல்லாதது.

ஆனால் ஐடெக்ஸ் மானியத்தில் அரசு போடும் அளவுக்கு நாமும் போட வேண்டும். ஒன்றரைக் கோடி வாங்க, ஒன்றரைக் கோடி கையில் வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொன்று: இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் முழுப் பொருளைத்தான் தேடுகின்றன. ட்ரோன், ரேடார், படகு. அதற்குள் இருக்கும் மோட்டார், கனெக்டர், சீல், ஸ்பிரிங் செய்பவர் சவாலில் ஜெயித்தவரின் பின்னால் வரிசையில் நிற்பவர். அவர் கைக்கு வருவது பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும்தான், ஆராய்ச்சிப் பணம் வருவதில்லை. சீன உதிரிபாகப் பிரச்சினையோ சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1982இல் ஒரு சட்டம் போட்டுச் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கென்றே எஸ்.பி.ஐ.ஆர். என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வெளியாருக்குக் கொடுக்கும் ஆராய்ச்சிப் பணம் ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டும் ஒவ்வொரு மத்தியத் துறையும் அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. முதல் கட்டத்தில், இந்த யோசனை வேலைக்கு ஆகுமா என்று பார்க்க மட்டும் சின்னத் தொகை. இரண்டாம் கட்டத்தில் முன்மாதிரி. மூன்றாம் கட்டத்தில் வாங்குவது. அங்கேயும் மூன்றாம் கட்டத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த முதல் கட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. யோசனையைச் சோதித்துப் பார்க்கும் செலவை மட்டும் கொடுக்கும் ஒரு சின்னத் தொகை, உன் பங்கு எங்கே என்று கேட்காமல். எங்கள் மாதிரி பட்டறைக்கு அது போதும்.

சேலத்தைப் பற்றி ஒன்று. 2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் ஒரு முனையம். பெயர் வந்தபோது பட்டறையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். சேலத்தைச் சேர்த்ததில் ஆச்சரியமே இல்லை. இங்கே துருப்பிடிக்காத எஃகு உருட்டும் உருக்காலை இருக்கிறது. சோனா கல்லூரியின் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய ஸ்டெப்பர் மோட்டார், சந்திரயான்-3ஐக் கொண்டுபோன எல்.வி.எம்.3 ராக்கெட்டில் பறந்தது. நம் ஊர் மோட்டார் விண்வெளி வரை போயிருக்கிறது.

ராணுவப் பொருள்களுக்கான சோதனை மையங்கள் கட்ட 2020 மே மாதம் மத்திய அரசு 400 கோடியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 75 சதவீதம் வரை மத்திய மானியம். தமிழ்நாட்டில் ட்ரோன் சோதனைக்கான இடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் வருகிறது. நல்லது, வரட்டும். எங்களுக்கு அது முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. ஒரு போல்ட் தளர்ந்து அதிர்வுச் சோதனை நின்றால், சரிசெய்து மறுநாள் மறுபடி ஏற்றுகிற தூரத்தில் லேப் இருக்க வேண்டும். ஆராய்ச்சி அப்படித்தான் நகரும். நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. சேலத்தில் ஒரு பொது ஷெட். அதில் ஒரு அதிர்வு மேசை, ஒரு வெப்ப-குளிர்ப் பெட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் ஒரு சேம்பர், ஒரு உப்புப் புகைப் பெட்டி, மணிக்கணக்கில் வாடகை. கடைசிச் சான்றிதழை எந்தப் பெரிய லேபிலும் வாங்கிக்கொள்கிறோம். அதற்கு முன்னால் விழுந்து எழுந்து கற்றுக்கொள்ள ஊரிலேயே இடம் வேண்டும். இதைக் கேட்டு மாவட்டத் தொழில் மையத்தில் மனு கொடுக்க ஒரு வரைவு தயார் செய்திருக்கிறேன். சிட்கோ பேட்டையில் ராணுவ, ரயில்வே, விண்வெளி வேலை எடுக்கும் எந்தப் பட்டறைக்காரரும் அதில் கையெழுத்துப் போடலாம், உங்களுக்கு வேண்டிய கருவியையும் சேர்த்து எழுதலாம்.

அதுவரை ஏற்காட்டு ஷெட்டை நாங்கள் மட்டும் வைத்துக்கொள்ள விருப்பமில்லை. தோட்டக்காரரிடமும் கேட்டுவிட்டேன், அவருக்கும் சம்மதம். மோட்டார், விசிறி, இ.எஸ்.சி. எது செய்பவராக இருந்தாலும், கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தாலும் வரலாம். ஸ்டாண்ட், லோடு செல், மீட்டர்கள், கூண்டு எங்களுடையது. பேட்டரியும் விசிறியும் நீங்கள் கொண்டுவர வேண்டும், வண்டிக்கு டீசலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். எடுத்த அளவுகளை அங்கே வந்த எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. நவம்பரில் காபிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு ஜனவரி முடியும் வரை ஷெட் கிடைக்காது.